ஜொவிட்டாவுக்கு நிறம் ஏறியது

"பொண்ண கொஞ்சம் ஜன்னல் கிட்ட வரச் சொல்லுங்களேன்."

கேட்டவள் மாப்பிள்ளை ஆஸ்வினின் அம்மா. பாலவாக்கத்திலிருந்து காரில் வந்திறங்கியவள், கொடுத்த காபியை ஒரு வாய்கூடக் குடிக்காமல் டீப்பாயில் வைத்துவிட்டுக் கேட்டாள். குரல் என்னவோ குழைவாகத்தான் இருந்தது. ஆனால் அது உத்தரவு என்பது ஆனிக்குத் தெரியும். சாந்தோமில் இருக்கும் இந்த ஹவுசிங் போர்டு வீட்டின் ஹாலில் இதற்கு முன்பும் மூன்று குடும்பங்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கின்றன. ஒருத்தி டியூப்லைட்டை அணைக்கச் சொன்னாள். இன்னொருத்தி, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மூன்றாமவள் நாசூக்கானவள், வீட்டுக்குப் போன பிறகு போன் செய்து, "பொண்ணு தங்கமான பொண்ணு, எங்க பையன்தான் கொஞ்சம் கலரு" என்றாள்.

ஆனி மனத்துக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டாள்.

"ஜொவி, வாம்மா."

ஜொவிட்டா வந்தாள். ஜன்னல் ஓரம் நின்றாள். சாயங்கால வெயில் முகத்தில் விழுந்தது. அந்த அம்மாள் அவள் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"சாந்தோம் பொண்ணு, கடல் வெயில்ல கருத்திருப்பாளோன்னு பயந்துட்டேதான் வந்தேன். நல்லா தெளிஞ்சிருக்காளே! அரைச்ச சந்தனம் மாதிரி! நடையைப் பாருங்க, என்ன அடக்கம். இந்தக் காலத்துல யாரு இப்படி மெதுவா நடக்கறாங்க?"

சமையலறை வாசலில் நின்றிருந்த சின்னவள் ஷெரில் பட்டென்று சொன்னாள்: "அது அடக்கம் இல்ல ஆன்ட்டி, அவளுக்கு நடந்தாலே மூச்சு..."

"ஷெரில்! பிஸ்கட் தட்டை எடுத்துட்டு வா."

ஆனி பள்ளிக்கூடத்து டீச்சர். அந்தக் குரலில் சொன்னால் எட்டாம் வகுப்பே எழுந்து நிற்கும். ஷெரில் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனியின் புருஷன் ஃபிரெட்ரிக் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ஜொவிட்டாவும் சிரித்தாள். கன்னத்தில் வெயில் பட்ட இடம் மெழுகு போல இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஜொவிட்டா மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குவாள். அந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்களின் பங்குக் கோயிலில் இளையோர் பாடகர் குழுவில் அவள் குரல்தான் மேலே நிற்கும். அப்போது அவள் கருப்பு. ஆனியின் பாஷையில் 'கொஞ்சம் மாநிறம்'. அதற்கு ஆனி செய்யாத வைத்தியமில்லை. கடலை மாவு, பாசிப்பயறு, ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத கிரீம். பிறகு திடீரென்று, கேட்ட வரம் கிடைத்தாற்போல, பெண்ணுக்கு நிறம் ஏறத் தொடங்கியது. பாட்டு நின்றது, நாலு வரி பாடினால் மூச்சு வாங்குகிறது என்றாள். பேச்சு குறைந்தது. மாடிப்படி வளைவில் நின்று நின்று ஏறினாள். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றாள். கோயில் வாசலில் பெண்கள் ஆனியின் கையைப் பிடித்துக் கேட்டார்கள்.

"டீச்சர், பெரியவளுக்கு என்ன போடறீங்க? ஆளே மாறிட்டா!"

"ஒண்ணும் இல்லப்பா, வயசு வந்தா தானா தெளியும்" என்பாள் ஆனி. உள்ளுக்குள் பூரித்துப்போவாள்.

மாதம் ஒருமுறை ஜொவிட்டா சுருண்டு படுப்பதும், மெத்தை விரிப்பை விடிவதற்குள் தானே துவைத்துப் போடுவதும் ஆனிக்குத் தெரியாததில்லை. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பொம்பளைன்னா அப்படித்தான்" என்று ஒருநாள் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெண் பார்த்துவிட்டுப் போன கையோடு நிச்சயமும் ஆயிற்று. ஈஸ்டர் முடிந்த வாரத்தில் கல்யாணம்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம். ஏற்பாட்டுக் குழுவில் ஆனியும் ஒருத்தி. பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எழுந்து வருவதாகக் காணோம்.

"என்னத்துக்கு இவ்ளோ பயம்? சும்மா விரல் நுனில ஒரு குத்து. இருங்க, முதல்ல எம் பொண்ணே வருவா" என்று ஆனி ஜொவிட்டாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

முகாமுக்கு வந்திருந்த டாக்டர் ஷீலா ஜொவிட்டாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தி மறுபடியும் பார்த்தாள். பிறகு தாயையும் மகளையும் மேடைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"டீச்சர், ஹீமோகுளோபின் பன்னெண்டாவது இருக்கணும். இவங்களுக்கு ஆறுகூட இல்ல."

"மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும் டாக்டர். எங்க வீட்ல தினம் முட்டை, வாரத்துல ரெண்டு நாள் மீன். ரத்தசோகையெல்லாம் எங்க ஸ்கூல்ல குப்பத்துப் பிள்ளைங்களுக்கு வரும். நானே மாத்திரை குடுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"ரத்தசோகை வீட்டு அட்ரஸ் பாத்து வராது டீச்சர். சாப்பாட்டுல குறைஞ்சாலும் வரும், உள்ள இருக்கறது வெளிய போனாலும் வரும்." டாக்டர் ஜொவிட்டாவின் பக்கம் திரும்பினாள். "மாசா மாசம் எப்படிம்மா?"

ஜொவிட்டா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "பத்து நாள் ஆகும் டாக்டர். கட்டி கட்டியா. ஆபீஸ்ல நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே பயமா இருக்கும்."

"எவ்ளோ காலமா?"

"ரெண்டு வருஷமா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

ஜொவிட்டா மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள்.

"டீச்சர், இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஸ்கேன் எடுக்கணும். கர்ப்பப்பைல கட்டி ஏதாவது இருந்தா அதுக்கு வைத்தியம் இருக்கு. ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும். இந்த இரும்புச்சத்து மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிங்க, ஆனா இது மட்டும் போதாது. காபி டீயோட சேத்துக் குடுக்காதீங்க. மோஷன் கருப்பா போகும், அதுக்குப் பயப்படாதீங்க. ரத்தம் இல்லாம இவங்க நெஞ்சு ராவும் பகலும் ஓடிட்டிருக்கு. தள்ளிப் போடாதீங்க."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால், நாற்காலிகளில் அத்தனை முகமும் இவர்கள் பக்கம்தான்.

"என்ன டீச்சர், எவ்ளோ வந்துச்சு?"

"நார்மல்" என்றாள் ஆனி.

தைரியம் வந்து பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷெரில்தான் கேட்டாள். "எப்ப மம்மி ஆஸ்பத்திரி?"

"கல்யாணம் முடியட்டும்."

"டாக்டர் இந்த வாரமேன்னு சொன்னாங்களாமே?"

"இந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம்ம பங்குப் பொண்ணு ஒருத்தி நர்ஸா நிப்பா. ஜொவிக்கு கர்ப்பப்பைல கட்டின்னு சாயங்காலமே பாலவாக்கத்துக்குப் போன் போயிடும். அப்புறம் இந்தக் கல்யாணம் நடக்குமா? இல்ல, அதுக்கப்புறம் உனக்குத்தான் நடக்குமா?"

"டாடிகிட்டயாவது சொல்லு."

"இது பொம்பள விஷயம். அவருக்கு என்ன தெரியும்?"

ஜொவிட்டா கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "விடு ஷெரி. பாலவாக்கத்து ஆன்ட்டி என்னைப் பாத்து சிரிச்சாங்க இல்ல? யாருமே அப்படிச் சிரிச்சதில்ல. கொஞ்ச நாள்தானே, தாங்கிடுவேன்."

மாத்திரையை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாள். ஆனி ஒவ்வொருத்தியும் விழுங்கும்வரை எதிரில் நின்று பார்ப்பாள். நாக்கை நீட்டச் சொல்லிச் சோதிப்பாள். அன்று மத்தியானம் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் தேவானை, கூடையை வாசலில் இறக்கிவிட்டு நேராக வகுப்புக்குள் வந்துவிட்டாள். ரத்தம் குறைவென்று அவள் மகளுக்கு மட்டும் சுகாதார நிலையத்தில் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னா டீச்சரம்மா, மாத்திரைல இன்னா கீது? எம் பொண்ணுக்குக் கக்கூசு தார் மாரி போவுது! உள்ளாற எல்லாம் கருகிப்போச்சின்னு அதும் பாட்டுக்கு அய்துகினு கீது."

ஆனி வாய்விட்டுச் சிரித்தாள். "கருகவும் இல்ல, ஒண்ணும் இல்ல தேவானை. இரும்புச்சத்து சாப்பிட்டா அப்படித்தான் போகும். உடம்பு எடுத்துக்கிட்டது போக மிச்சம் வெளிய வருது."

"மூஞ்சி கருத்துறாதே? அக்கம் பக்கத்துல சொல்றாங்கோ."

"படிக்காதவங்க சொல்றதக் கேக்காத. நிறுத்தினா நான் வீட்டுக்கு வந்து திட்டுவேன், தெரியுதா?"

"நீ சொன்னா சரி டீச்சரம்மா. உன்ன நம்பித்தான் குட்துகினு கீறேன்."

அன்று சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு ஆனி உட்கார்ந்தபோது ஜொவிட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"மம்மி, மோஷன் கருப்பாத்தான் போகுது."

"ம்."

"ஆனா படி ஏறும்போது இப்பக் கொஞ்சம் பரவால்ல. இன்னிக்கு நடுவுல நிக்கவே இல்ல."

"ம்."

"மம்மி... எனக்கு நல்லாயிட்டா, மறுபடியும் பழைய கலர் வந்துடுமா?"

ஆனி நெருங்கி உட்கார்ந்தாள். மகளின் முகத்தை விளக்குக்குத் திருப்பினாள். பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கடியில் லேசாகக் கருமை தட்டுவது போலவே தெரிந்தது. உள்ளதா, பயமா? மத்தியானம் தேவானையிடம் சிரித்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எந்த நிறத்துக்காக மூன்று பேர் எழுந்து போனார்களோ, அந்த நிறம் ஒரு மாத்திரைப் பட்டைக்குள் காத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சரோடு பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டது. இங்கே உட்கார்ந்திருந்தவள் பெண்ணைப் பெற்றவள்.

"அந்த மாத்திரைய இங்க குடு."

"ஏன் மம்மி?"

"நான் வெச்சிருக்கேன். தாலி ஏறின மறுநாள்லேர்ந்து சாப்பிடு. கொஞ்ச நாள்தானே?"

ஜொவிட்டா எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. அதையும் ஆனி அடக்கம் என்றே எடுத்துக்கொண்டாள்.

தவக்காலம் முழுக்க வீட்டில் கறி மீன் கிடையாது. ஜொவிட்டாவுக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் ஏன் என்று ஃபிரெட்ரிக் கேட்பார். அதனால் அதுவும் இல்லை. தி.நகரில் கல்யாணப் புடவை எடுக்கப் போனபோது, கடைக்காரப் பையன் யானைத் தந்த நிறப் பட்டை அவள் தோளில் போட்டுவிட்டு, "மேடம் கலருக்கு அப்படியே ஒட்டிக்குது பாருங்க" என்றான். புடவை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லைதான். ஆஸ்வினின் அம்மா கண்ணாடியில் பார்த்துச் சொக்கிப்போனாள். "உக்காரலாமா ஆன்ட்டி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜொவிட்டா அப்படியே ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். வழக்கப்படி மூன்று ஞாயிறு. "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." கடமை என்ற இடத்தில் ஷெரில் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஆனி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஓலை, ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன் குருத்து ஞாயிறன்று. பவனி கடற்கரைச் சாலையைச் சுற்றி வந்தது. ஜொவிட்டாவுக்கு அன்று மாதத்தின் மோசமான நாள்.

"நான் வீட்லயே இருக்கேனே மம்மி."

"கல்யாணப் பொண்ணு வரலைன்னா கேப்பாங்கம்மா. மெதுவா வா."

மெதுவாகத்தான் வந்தாள். கையில் குருத்தோலையோடு, வெயிலில், கடைசி வரிசையில். வீட்டு மாடிப்படியில் முதல் வளைவு வரை ஏறினாள். அங்கே சுவரில் கையை ஊன்றி, "ஷெரி, காதுக்குள்ள கடல் சத்தம் கேக்குதுடி" என்றாள். அவ்வளவுதான். ஷெரில் போட்ட அலறலில் பிளாக் முழுக்கக் கதவு திறந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். ஜொவிட்டாவின் இமையை விலக்கிப் பார்த்தார். மளமளவென்று ஏதேதோ சொல்லி ஆட்களை ஓடவிட்டார். பிறகு ஃபிரெட்ரிக்கிடம் திரும்பினார்.

"சார், பொண்ணு இவ்ளோ வெளுத்துக் கெடக்கு. வீட்ல ஒருத்தர் கண்ணுக்குமா தெரியல?"

ஃபிரெட்ரிக் ஒன்றும் புரியாமல் ஆனியைப் பார்த்தார். "அவ... அவ கலரே அதுதானே டாக்டர்?"

ஆஸ்வின் ஓடி வந்தான். நண்பர்களையும் கூட்டி வந்திருந்தான். ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு வராந்தா பெஞ்சில் ஆனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உள்ளே முதல் பை ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் ராவும் பகலும் ஓடிய நெஞ்சு. மறுநாள் மத்தியானம், அது மேற்கொண்டு ஓட மறுத்துவிட்டது.

ஷெரில் சொல்லித்தான் ஆஸ்வினுக்கு எல்லாம் தெரிந்தது. கத்துவான் என்று ஆனி எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை.

"ஆன்ட்டி, ஒரு போன் போட்டிருக்கலாமே. முன்னாடியே ரத்தம் குடுத்திருப்பேனே."

ஆனி அவன் முழங்கையில் ஊசி குத்திய இடத்தையே பார்த்தாள்.

"சொன்னா விட்டுட்டுப் போயிடுவேன்னு நெனச்சீங்களா? அவ கலரு என்னன்னுகூட நான் சரியாப் பாக்கல ஆன்ட்டி. பாட்டு பாடுவாளாமே, கல்யாணம் ஆனதும் பாடச் சொல்லிக் கேக்கணும்னு இருந்தேன்."

ஊருக்கு 'திடீர் ஹார்ட் அட்டாக்' என்று சொன்னார்கள். சொன்னவர் ஃபிரெட்ரிக். சின்னவள் ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்காக. ஆஸ்வினும் தன் வீட்டில் அதையே சொன்னான். அந்தப் பங்கில் புனித வாரம் முழுக்கக் கோயில் மணி அடிக்கும் வழக்கமில்லை. சாவு மணிகூட இல்லாமல் ஜொவிட்டாவைக் கொண்டுபோய்க் கல்லறையில் வைத்தார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் ஜெபமாலை. ஹால் நிறையப் பெண்கள். ஜெபம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆஸ்வினின் அம்மா ஆனியின் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணிலும் நிஜமான நீர் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நடந்தது நடந்துபோச்சு டீச்சர். கர்த்தர் சித்தம். எனக்கு உங்க வீட்ட விட மனசில்ல. வர்ற வருஷமாவது... ஷெரில எங்களுக்குக் குடுங்களேன். ஆஸ்வின்கிட்ட இன்னும் பேசல, நான் சொன்னா கேப்பான். மொதல்ல பாத்தப்ப சின்னவ கொஞ்சம் நிறம் கம்மியா இருக்காளேன்னு நெனச்சேன். இன்னிக்குப் பாத்தா அவளும் நல்லா தெளிஞ்சிட்டா."

ஆனி நிமிர்ந்து ஷெரிலைப் பார்த்தாள். ஒரு மாதமாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோகிறவள். டீத்தட்டோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உதடு வறண்டு, முகம் உலர்ந்த சுண்ணாம்பு போல இருந்தது.

"தெளியல" என்றாள் ஆனி.

"என்ன டீச்சர்?"

"அவளுக்கு நிறம் தெளியலம்மா. ரத்தம் குறையுது." ஆனி எழுந்து நின்றாள். "என் பெரிய பொண்ணுக்கும் இதேதான். அவ ஹார்ட் அட்டாக்ல போகல."

"ஆனி!" வாசல் பக்கமிருந்து ஃபிரெட்ரிக் குரல் கொடுத்தார். "போதும், உக்காரு. சின்னவ இருக்கா."

"சின்னவ இருக்கறதாலதாங்க சொல்றேன்." ஆனி ஹாலில் இருந்த பெண்கள் பக்கம் திரும்பினாள். "மாசா மாசம் கர்ப்பப்பைலேர்ந்து ரத்தம் போய்ப் போய், ரத்தமே இல்லாம செத்தா. முகாம்ல உங்க எல்லார்கிட்டயும் நார்மல்னு சொன்னேனே, அன்னிக்கு அவளுக்கு ஆறுகூட இல்ல. மாத்திரை சாப்பிட்டு நல்லாத்தான் ஆயிட்டிருந்தா. கருத்துடுவாளோன்னு நான்தான் பிடுங்கி வெச்சேன். நான், டீச்சர். நீங்க எல்லாரும் நிறம், நிறம்னு கொண்டாடினீங்களே, அது என் பொண்ணு செத்துக்கிட்டிருந்த நிறம்."

ஆஸ்வினின் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். போகிற போக்கில் ஷெரிலை ஒரு தரம் பார்த்தாள். இந்தத் தரம் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தாள். அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது. இன்று ராத்திரிக்குள் பங்கு முழுக்கப் பரவிவிடும் என்று ஆனிக்குத் தெரியும். ஷெரிலுக்கும் தெரியும். ஷெரில் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஜொவிட்டா போன பிறகு அவள் அம்மாவைத் தொட்டது அதுதான் முதல் முறை.

ஹால் காலியானது. கடைசியாக அடுத்த பிளாக் ஸ்டெல்லா மட்டும் தயங்கித் தயங்கி நின்றாள். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ஆனியின் காதருகே வந்தாள்.

"டீச்சர், எம் பொண்ணும் ஒரு வருஷமா ஐஸ் கட்டியா தின்னுது. மண்ணு வாசனை புடிக்குதுங்குது. அந்த ரத்த டெஸ்ட் எங்க எடுக்கறாங்க?" குரல் இன்னும் தாழ்ந்தது. "நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இப்பத்தான் வடபழனிலேர்ந்து ஒரு நல்ல இடம் வந்திருக்கு. பொண்ணு நல்ல கலர்னு சொன்னாங்களாம்."

ஆனி அவள் கையைப் பற்றிக்கொண்டாள். மாடிப்படியில் பெண்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பேச்சு கீழிருந்து கேட்டது. ஆனி ஸ்டெல்லாவை வாசல்வரை நடத்தி வந்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் எட்டும் அந்தக் குரலில் சொன்னாள்:

"பட்டினப்பாக்கத்துல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற சுகாதார நிலையம். காலைல போகணும். காசு வாங்க மாட்டாங்க. உன் பொண்ண நாளைக்கே கூட்டிட்டு வா ஸ்டெல்லா, நானும் ஷெரில அங்கதான் கூட்டிட்டுப் போறேன்."

படியில் பேச்சு சட்டென்று நின்றது. ஸ்டெல்லா முகம் வெளிறி, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள்.